கடவுச்சீட்டின் அடியில் இரண்டு வரிகள்

கல்முனையிலிருந்து கடலை இடப்புறத்தே கொண்டு தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊருக்குப் பின் ஊராகத் தொடர்ந்து வரும் வீடுகளில், கட்டாரிலோ சவூதியிலோ துபாயிலோ ஒரு மகனையோ மகளையோ மருமகனையோ வைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ உண்டு. அவ்வீடுகளின் அலுமாரியில் காணியுறுதியோடும் நகைப்பெட்டியோடும் சேர்த்துப் பூட்டி வைக்கப்படும் பிளாஸ்டிக் கோவை ஒன்றும் தவறாமல் இருக்கும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டையின் பிரதி, விவாகப் பதிவு, ஜி.எஸ். என்னும் கிராம உத்தியோகத்தர் கொடுத்த வதிவிடக் கடிதம், பொலிஸ் ரிப்போட், மெடிக்கல் முடிவு, மூலை வெட்டி இரத்துச் செய்யப்பட்ட பழைய பாஸ்போட் ஆகிய யாவும் அதற்குள் அடுக்கியிருக்கும். இவற்றுள் கடவுச்சீட்டே பிரதானமானது, ஏனையவை அதற்குத் துணை என்று பொதுவாக நம் ஜனங்கள் எண்ணுகிறார்கள். கடவுச்சீட்டோ வாய்க்காலின் கடைமடை வயலைப் போன்றது. தலைமடையில் நீர் கலங்கியிருந்தால் அங்கே தெளிந்த நீர் பாய வழியில்லை. அந்தத் தலைமடை கடவுச்சீட்டு வழங்கும் பத்தரமுல்லையில் இல்லை. பிள்ளை பிறந்த ஊரின் பதிவாளர் காரியாலயத்தில் இருக்கிறது. இக்கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியதே.

எல்லை கடப்பதற்குக் கடதாசி வேண்டுமென்ற நியதி நம் மூதாதையர் அறியாதது. 1914ஆம் ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை ஆரம்பமாகி, சென்னையில் ரயிலேறியவர் கொழும்புக் கோட்டையில் வந்திறங்கலாமென்ற சௌகரியம் உண்டான நாட்களில், பிரயாணிகளைப் பற்றி அரசாங்கம் கொண்டிருந்த பெருங்கவலை அவர்கள் எந்த நாட்டுப் பிரஜைகள் என்பதல்ல, கொள்ளைநோயைக் கொண்டு வருகிறார்களா என்பதுதான். மண்டபத்திலிருந்த முகாம் தோட்டத் தொழிலாளரைத் தடுத்து வைத்துப் பரிசோதித்தது அதன் பொருட்டே. முதல் உலக மகாயுத்தத்தின் பின்னர், 1920ஆம் ஆண்டு சர்வதேச சங்கத்தின் ஆதரவில் பாரிஸ் நகரில் கூடிய மகாநாடு, கடவுச்சீட்டு 32 பக்கங்கள் கொண்ட ஒரு புத்தகமாக எல்லா நாடுகளிலும் ஒரே வடிவில் இருக்க வேண்டுமென்று வகுத்தது. நம் நாட்டில், 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் 1949 நவம்பர் 1ஆம் திகதி அமுலுக்கு வந்ததோடு, பாக்கு நீரிணை ஓர் எல்லைக்கோடாயிற்று. அதற்கு முந்தைய நாள் வரையில் வெறும் பிரயாணியாக இருந்தவன் மறுநாள் விசா இல்லாதவனானான். ‘கள்ளத்தோணி’ என்ற வசைச்சொல் தழைத்ததும் அந்தச் சட்டத்தின் நிழலிலேதான்.

அச்சட்டத்தின் கீழ் இயங்கும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் கடவுச்சீட்டு வழங்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கே.35.ஏ. என்ற படிவம், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, முன்னைய கடவுச்சீட்டு இருப்பின் அது, அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோ ஒன்றில் படமெடுத்ததற்கான பற்றுச்சீட்டு ஆகியவையே வேண்டப்படுவன. படம் ஸ்டூடியோவிலிருந்து நேரே திணைக்களத்துக் கணினிக்குப் போய்விடும், விண்ணப்பகாரர் கையில் வருவது இலக்கமிட்ட துண்டு மட்டுமே. ஒருநாட் சேவைக்கு 20,000 ரூபாவும் சாதாரண சேவைக்கு 2024ஆம் ஆண்டிலிருந்து 10,000 ரூபாவும் கட்டணம். கல்முனைக்காரருக்கு இந்தக் கட்டணத்தைக் காட்டிலும் பெரிய செலவு பத்தரமுல்லைக்குப் போய்வரும் இரவு பஸ்ஸும், அங்கே விடியற்காலையில் வரிசை பிடிப்பதுமாகவே நெடுங்காலம் இருந்தது. கண்டி, மாத்தறை, குருணாகல், வவுனியா என்று கிளைகள் திறந்தபோதும் நம் கரையோரத்துக்கு அவற்றில் எதுவும் அண்மையில் இல்லை. 2023 ஜூன் மாதத்திலிருந்து இணையவழி விண்ணப்பித்து, நாட்டில் 50 அளவிலான பிரதேச செயலகங்களிற் குறிக்கப்பட்ட ஒன்றில் விரலடையாளம் கொடுத்தால் போதும் என்ற ஏற்பாடு வந்தது பெரிய உபகாரம். 2024இல் வெற்றுப் புத்தகங்களுக்கே தட்டுப்பாடு ஏற்பட்டு, பத்தரமுல்லையில் ஜனங்கள் இரவு பகலாக வீதியில் நின்றதையும் இவ்விடத்திற் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

இனி அந்தப் புத்தகத்தைத் திறந்து, படமுள்ள பக்கத்தின் அடிப்பாகத்தைக் கவனிக்க வேண்டும். ஆங்கில எழுத்தும் இலக்கமும் கோணக்குறிகளும் கலந்த இரண்டு வரிகள் அங்கே அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு வரியிலும் சரியாக 44 இடங்கள், ஒன்று கூடாது, ஒன்று குறையாது. கட்டுநாயக்கவிலோ தோஹாவிலோ மணிலாவிலோ அதிகாரி புத்தகத்தைக் கண்ணாடியில் கவிழ்க்கும்போது இயந்திரம் வாசிப்பது இந்த இரு வரிகளைத்தான். சர்வதேச சிவில் விமான அமைப்பு வகுத்த முறை இது; 2015 நவம்பர் 24ஆம் திகதிக்குப் பின்னர் இவ்வரிகள் இல்லாத கடவுச்சீட்டு உலகில் எங்கும் செல்லுபடியாகக் கூடாதென்று அந்த அமைப்பு தவணையும் விதித்திருந்தது. முதல் வரியின் முதல் ஐந்து இடங்கள் இது கடவுச்சீட்டு என்பதற்கும், இலங்கை வழங்கியது என்பதற்கும் போய்விட, எஞ்சிய 39 இடங்களுக்குள் ஒருவருடைய முழுப்பெயர் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வெட்டப்படும்.

நம் பக்கத்துப் பெயர்களின் சங்கடம் இங்கே ஆரம்பமாகிறது. ஆதம்லெப்பை, மீராசாகிபு, உதுமாலெப்பை, இஸ்மாலெப்பை என்று தந்தையின் பெயரை முன்னே நிறுத்தி, அதன்பின் முகம்மது என்றோ பாத்திமா என்றோ ஒரு பொதுப்பெயரும், அதற்கும் பின்னரே அழைக்கும் பெயரும் வைப்பது வழக்கம். குடும்பப் பெயர் என்று தலைமுறை தலைமுறையாக மாறாது வரும் ஒன்று நமக்குக் கிடையாது. படிவமோ குடும்பப் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று இரண்டே கட்டங்களில் கேட்கிறது. அதனால் அண்ணனுடைய கடவுச்சீட்டில் தந்தை பெயரும் தம்பியுடையதில் தன் பெயருமே குடும்பப் பெயராகி, ஒரு வயிற்றிற் பிறந்த இருவர் அரபு நாட்டு அதிகாரி முன்னிலையில் உறவில்லாதவர்களாக நிற்பதுண்டு. முகம்மது என்ற பெயர் ஒன்றே தமிழில் எழுதிய பிறப்புப் பதிவிலிருந்து ஆங்கிலத்துக்கு ஏறும்போது, எழுதுபவருடைய பழக்கத்துக்கேற்ப ஐந்தாறு விதமான எழுத்துக்கூட்டலைப் பெறுகிறது. பிரதேச செயலகத்துக்கு எதிர்ப்புறத்தில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் கடைகளில் தினமும் நடக்கும் சம்பாஷணை ஏறக்குறைய இப்படியிருக்கும்:

“ராத்தா, ஐ.சி.யில ஒங்கட வாப்பாட பேர் ஒரு மாதிரி, பேத் சேட்டிபிகட்டில இன்னொரு மாதிரி இருக்கு. எதைப் போட?”

“ரெண்டும் எங்கட வாப்பாதானே, தம்பி!”

அந்தப் பெண்மணி சொன்னது முற்றிலும் உண்மை. ஆயினும் 44 இடமுள்ள வரிக்கு அந்த உண்மை போதாது. ஆகவே சமாதான நீதவான் ஒருவரிடம் போய், இவ்விரு பெயர்களாலும் குறிக்கப்படுபவர் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. சத்தியக்கடதாசி நம் நாட்டுக் கந்தோரில் செல்லும். தோஹாவின் கணினி அதைக் கேட்காது. பதிவேட்டிலேயே திருத்தம் செய்விப்பது சிரமமானாலும் அதுவே சிலாக்கியமானது.

பெயர் விஷயத்தில், வளைகுடாவில் நம்மவரோடு வேலை செய்யும் பிலிப்பைன் தேசத்தாருக்கு இந்தத் துன்பம் நேராமற் போனதன் காரணம் விசித்திரமானது. ஸ்பானிய ஆட்சியில், 1849ஆம் ஆண்டு கவர்னர் நார்சிஸோ கிளவேரியா என்பவர், வரி அறவிடுவோர் ஆளை அடையாளங் காண இயலாமல் தவித்ததைக் கண்டு, அகராதி போன்ற ஒரு பெயர்ப் பட்டியலை ஊர்களுக்குப் பகிர்ந்தளித்து, குடும்பத்துக்கு ஒரு பெயரை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி ஆணையிட்டார். இன்றைக்கும் ஒரு பிலிப்பினோவின் பெயரில் சொந்தப் பெயர் முதலிலும், தாயின் குடும்பப் பெயர் நடுவிலும், தந்தையின் குடும்பப் பெயர் இறுதியிலுமாக நிற்பதால், படிவத்தின் கட்டங்களில் அது பிசகின்றிப் பொருந்திவிடுகிறது. அந்நிய ஆட்சி செய்த காரியங்களுள் இதை நன்மையென்று கொள்வதா என்பது அவர்கள் தீர்மானிக்க வேண்டியது.

இரண்டாவது வரியில் கடவுச்சீட்டின் இலக்கம், நாட்டுரிமை, பிறந்த திகதி, முடிவுத் திகதி ஆகியன வரும். பிறந்த திகதி ஆறு இலக்கங்களாக, வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதப்பட்டு, அதையடுத்து ஏழாவதாக ஓர் இலக்கம் நிற்கும். அது பரிசோதனை இலக்கம்: முதல் இலக்கத்தை 7ஆலும், இரண்டாவதை 3ஆலும், மூன்றாவதை 1ஆலும், நான்காவதை மறுபடி 7ஆலும் என்று முறையே பெருக்கிக் கூட்டி, வரும் தொகையின் கடைசி இலக்கத்தை அங்கே இடுவார்கள். அச்சுப்பிழையையும் அவசரமாகச் சுரண்டி எழுதிய கள்ளத்தையும் இயந்திரம் இதனாலேயே பெரும்பாலும் பிடித்துவிடுகிறது.

மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக் என்ற ஏழைச் சிறுமியின் கதையைத் தமிழ் பேசும் வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். 2005 மே மாதத்தில் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டு, சில வாரங்களுக்குள் அவ்வீட்டுக் கைக்குழந்தையின் மரணத்துக்குக் குற்றவாளியென்று பிடிக்கப்பட்டு, 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 9ஆம் திகதி சிரச்சேதம் செய்யப்பட்டவர் அவர். அவருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின்படி பிறந்தது 1988 பெப்ரவரி 4. கடவுச்சீட்டில் இருந்ததோ 1982 பெப்ரவரி 2. சம்பவம் நடந்தபோது பதினேழு வயதுச் சிறுமியாகிய அவரை அந்தக் கடவுச்சீட்டு இருபத்து மூன்று வயது மங்கையாக்கியது. அவ்விரு திகதிகளையும் மேற்சொன்ன கணக்கில் இட்டுப் பார்த்தேன். 88, 02, 04 என்பது 98 ஆகிப் பரிசோதனை இலக்கம் 8 வருகிறது. 82, 02, 02 என்பது 78 ஆகி, அதற்கும் பரிசோதனை இலக்கம் 8 தான் வருகிறது. மெய்யான திகதிக்கும் பொய்யான திகதிக்கும் இயந்திரத்தின் விடை ஒன்றே. எழுதப்பட்ட எண் தனக்குத்தான் இசைகிறதா என்பதைத் தவிர வேறெதையும் அதனாற் கேட்க இயலாது. அந்த எண் ஒரு பிள்ளையின் வாழ்வோடு இசைகிறதா என்று கேட்கத் தக்கவர்கள் பதிவாளரும் கிராம உத்தியோகத்தரும் பெற்றோரும் மாத்திரமே.

அவர்களிடம் கேட்பதற்கான ஏற்பாடு சட்டத்தில் இல்லாமலில்லை. பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும்; மூன்று மாதம் கடந்தால் காலங்கடந்த பதிவாகி, பிரகடனமும் சாட்சிகளும் மேலதிக மாவட்டப் பதிவாளரின் அனுமதியும் அவசியமாகின்றன; பதிவே கிடைக்காதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. அடையாள அட்டையின் இலக்கத்துக்குள்ளும் வயது ஒளிந்திருக்கிறது. ஒன்பது இலக்கமுள்ள பழைய அட்டையில் முதல் இரண்டும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அவ்வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணானால் அதனோடு 500 கூட்டப்படும்; 1990 பெப்ரவரி 10ஆம் திகதி பிறந்த பெண்ணின் இலக்கம் 90541 என்று தொடங்கும். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் உப ஏஜென்ட் ஒருவன் வீட்டு வாசலில் வந்து, “வயசைப் பத்திப் பயப்பட வேணாம், அதை நான் பாத்துக்குவன்” என்று சொல்லும்போது, அவன் ‘பார்த்துக்கொள்ள’ உத்தேசிப்பது ஒரு கடதாசியை மட்டுமன்று, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நாலைந்து கடதாசிகளை என்பதைத் தாய்தகப்பன்மார் உணர வேண்டும். காலங்கடந்த பதிவு எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்குப் பிலிப்பைன் தேசத்திலே 2024ஆம் ஆண்டு உதாரணம் கிடைத்தது. பம்பான் என்ற சிறுநகரின் மேயராகத் தெரிவான அலிஸ் குவோ என்பவருடைய பிறப்பு, பல வருடங்கள் கடந்த பின்னரேதான் பதியப்பட்டிருந்தது. செனட் சபை விசாரித்தபோது, அவருடைய கைரேகையும் குவோ ஹுவா பிங் என்ற சீனப் பிரஜையின் கைரேகையும் ஒன்றென்று கண்டார்கள்.

மூலப் பதிவின் அருமையை நம் கரையோரம் கற்ற விதம் கொடியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எழுந்தபோது இலங்கையில் மிகக் கூடிய உயிர்ச்சேதம் அடைந்தது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய ஊர்களில் கடலை அண்டிய வீடுகளோடு அலுமாரிகளும், அலுமாரிகளோடு கோவைகளும் போயின. பிழைத்தவர் தாம் இன்னார் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. உடல் கிடைக்காதவரின் உறவினரோ அவர் இறந்தாரென்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அதன் பொருட்டே 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம் இயற்றப்பட்டது. பதிவேட்டின் இரண்டாம் பிரதி வேறிடத்தில் வைக்கப்படும் என்ற பழைய ஆங்கிலேயர் காலத்து ஏற்பாடு அப்போது ஜனங்களைக் காத்தது. இன்று எல்லோரும் போனில் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். அதுவும் நல்லதே, எனினும் அந்தப் படத்தைக் கொண்டு எந்தக் கந்தோரும் கடவுச்சீட்டு கொடுக்காது.

விவாகப் பதிவும் இவ்வகையைச் சேர்ந்ததுதான். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி, பதியாமையால் மட்டும் ஒரு நிகாஹ் செல்லாததாகிவிடாது. மார்க்க நோக்கில் இது பொருத்தமானதே. ஆனால் கட்டாரிலிருக்கும் கணவன் குடும்ப விசாவுக்கு எழுதும்போது, அத்தாட்சிப் பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பும், வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவினுடைய முத்திரையும், அதன்மேல் அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டுமென்கிறார்கள். பதிவே இல்லாதவள் எதன்மேல் முத்திரை வாங்குவாள்? மணமகளின் கையொப்பத்தைப் பதிவேட்டிற் கட்டாயமாகக் கேளாத அதே சட்டத்தின் கீழ் மணமான பெண், விசாப் படிவத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையொப்பமிடும்படி கேட்கப்படுவதும் நம் காலத்து வேடிக்கைகளுள் ஒன்று. பிலிப்பைன் தேசத்தில் 1977ஆம் ஆண்டிலிருந்து முஸ்லிம்களுக்கென்று தனிச் சட்டத்தொகுப்பு உண்டு. அங்கே திருமணமானதற்கு மட்டுமன்றி, திருமணமாகவில்லை என்பதற்கும் அரசாங்கம் சான்றிதழ் கொடுக்கிறது.

அந்நாட்டை அடிக்கடி எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வளைகுடா வீடுகளில் நம் பெண்களோடு அடுத்தடுத்து வேலை செய்பவர்கள் அந்நாட்டுப் பெண்களே. அவர்கள் அரசாங்கமும் நம் அரசாங்கமும் பட்ட அடிகள் ஒரே மாதிரியானவை. 1995 மார்ச் 17ஆம் திகதி சிங்கப்பூரில் ஃப்ளோர் கொன்டெம்பிளேசியன் என்ற பணிப்பெண் தூக்கிலிடப்பட்டபோது அந்நாடு கொதித்தெழுந்து, அதே வருடம் 8042ஆம் இலக்கக் குடியரசுச் சட்டத்தை இயற்றியது. வேலைக்குப் போகிறவர் கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் மணிலாவில் விமானமேற முடியாது. நம் நாட்டிலே 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டான வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்வது கட்டாயம், “பியூரோ அடிச்சாச்சா?” என்று நம்மூரில் விசாரிப்பது இதைத்தான். ரிஸானாவின் மரணத்தின் பின்னர், சவூதிக்குச் செல்லும் பணிப்பெண்ணின் குறைந்தபட்ச வயது 25 ஆக்கப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் போகலாகாதென்றும், பிரதேச செயலகம் வழங்கும் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டுமென்றும் விதித்தார்கள். 2022இல் பொருளாதாரம் சரிந்து டொலர் அவசியப்பட்டபோது, வயது 21 ஆகவும் பிள்ளையின் வயதெல்லை இரண்டாகவும் இறங்கின.

என் அபிப்பிராயத்தில் இந்தப் பரிகாரம் நோய்க்குப் புறம்பானது. பொய்த் திகதி ஒன்று கடவுச்சீட்டிலே புகுந்ததால் நேர்ந்த அநியாயத்துக்கு, அது புகுந்த வழியை அடைப்பதை விட்டு, முடிவிலே தாய்மார்களிடம் மேலும் ஒரு கடதாசி கேட்பது எப்படி மருந்தாகும்? அப்பன்மாரிடம் அந்த அறிக்கையை யாரும் கேட்டதில்லை. வாசலில் தடுக்கப்பட்டவர்கள் வேலிக்கு மேலால் போனார்கள். சுற்றுலா விசாவில் ஓமானுக்கு அனுப்பப்பட்டு ஏமாற்றப்பட்ட பெண்கள் மஸ்கட்டிலுள்ள நம் தூதரகத்தின் பாதுகாப்பு இல்லத்தில் தங்கியிருந்த செய்தி 2022 நவம்பரில் நாடெங்கும் அடிபட்டது. மணிலாவிலும் இக்கதையே. ஆட்கடத்தலைத் தடுக்கிறோமென்று சொல்லி, சுற்றுலாப் போகும் தம் பிரஜைகளை அவர்களுடைய குடிவரவு அதிகாரிகள் குறுக்கு விசாரணை செய்து விமானத்திலிருந்து நிறுத்துவது வழக்கமாகி, பெண்ணொருத்தியிடம் பள்ளிக்கூட ஆண்டு மலரைக் கேட்டு, அவள் விமானத்தைத் தவறவிட்ட விஷயம் 2023இல் வெளியாகிப் பெரிய பரிகாசத்துக்கிடமாயிற்று. அவ்வருடம் விதிகளை மேலும் இறுக்க முனைந்தபோது செனட் சபை எதிர்க்கவே, அது நிறுத்தி வைக்கப்பட்டது. அவர்களுடைய 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பு பிரயாண உரிமையை வெளிப்படையாக உறுதி செய்கிறது. நம் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையோ இலங்கைக்குத் திரும்பி வரும் சுதந்திரத்தைத்தான் சொல்கிறது, புறப்படுவதைப் பற்றி அங்கே வாசகம் இல்லை.

சாதாரணச் சுற்றுலாப் பிரயாணியாக ஒரு பிலிப்பினோ நம் நாட்டுக்கு வர வேண்டுமாயின், முன்கூட்டி இணையவழி அனுமதி, ஆறு மாதமாவது செல்லுபடியுள்ள கடவுச்சீட்டு, திரும்பும் டிக்கெட், செலவுக்குப் பணம் ஆகியன போதும். புறப்படும்போது அவர் தம் நாட்டு அரசாங்கத்தின் இணையப் பதிவைப் பிரயாணத்துக்கு முந்திய 72 மணி நேரத்துக்குள் முடித்து, பிரயாண வரி 1,620 பெசோவும் கட்டியாக வேண்டும். அங்கே போகும் அந்நியரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆறு மாதமோ அதற்கு மேலோ தங்கியவர் வெளியேற்றச் சான்றிதழ் பெறாமல் அந்நாட்டை விட்டுக் கிளம்ப இயலாது.

நம் மாவட்டத்தில் அந்நியரைக் காண வேண்டுமானால் பொத்துவிலுக்குத்தான் போக வேண்டும். சித்திரை பிறந்ததிலிருந்து ஐப்பசி வரையில் அறுகம்குடாவின் அலைகளைத் தேடி வரும் வெள்ளைக்காரர்களால் அந்த முஸ்லிம் ஊரின் தென்கோடி வேறு தேசம் போலாகிவிடும். இவர்களை உள்ளே விடும் இணையவழி அனுமதி முறை 2012 ஜனவரியில் தொடங்கியது. முப்பது நாள், இரு முறை நுழைவு, பின்னர் நீடிப்பு. 2024 ஏப்ரலில் அரசாங்கம் அதை ஒரு தனியார் கூட்டமைப்பிடம் ஒப்படைத்தது. விசாக் கட்டணத்தின் மேல் 25 டொலருக்கும் கூடிய சேவைக் கட்டணமும் ஏறியது. ஆகஸ்ட் 2ஆம் திகதி உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியும் பழைய முறை திரும்பாமையால், திணைக்களத்தின் தலைவரே செப்டம்பரில் விளக்கமறியலுக்குப் போனார். அதற்கடுத்த நாட்களில் பழைய முறை தானாகத் திரும்பிவிட்டது. பொத்துவில்காரருக்கு அதனிலும் கிட்டிய வழக்கு வேறொன்று. சுற்றுலா விசாவில் வந்தவர் சம்பளத்துக்கோ இலாபத்துக்கோ தொழில் செய்யக் கூடாதென்பது விதி. ஆயினும் வந்தவர்கள் சிலர் உள்ளூரார் பெயரில் உணவகமும் விடுதியும் நடத்துகிறார்களென்று அங்குள்ளோர் நெடுநாளாக முறையிட்டு வருகிறார்கள். 2024 ஒக்டோபர் 23ஆம் திகதி அமெரிக்கத் தூதரகம் அறுகம்குடாவில் தாக்குதல் நடக்கலாமென்று தன் பிரஜைகளை எச்சரித்தபின், பொலிஸும் விசேட அதிரடிப் படையும் வீதியில் நின்ற அந்த நாட்களிலே இம்முறைப்பாடு கொழும்புப் பத்திரிகைகளையும் எட்டியது. நம் பெண்களைச் சுற்றுலாக்காரிகளென்று எழுதி மஸ்கட்டுக்கு அனுப்புவதும், இங்கு வந்த வியாபாரியைச் சுற்றுலாக்காரனென்று எழுதி வைத்திருப்பதும் ஒரே கடதாசியின் இரு துர்ப்பிரயோகங்கள். முதலாவதற்கு ஊரார் வாய் திறவாமலும், இரண்டாவதற்கு மட்டும் கூச்சலிட்டும் இருப்பது நேர்மையாகாது.

இன்னுமொன்று உண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்து அலைச்சறுக்குப் பழகும் இளைஞர் தம் அனுமதியைப் படுக்கையிற் சாய்ந்தபடி போனிலேயே பெற்றிருப்பார். அவருக்குப் பலகை பிடிக்கக் கற்றுக்கொடுத்த பொத்துவில் பையன், மாணவனுடைய அழைப்பை ஏற்று அவருடைய நாட்டை ஒருதரம் பார்த்துவர ஆசைப்பட்டால், கொழும்புக்குச் சென்று விண்ணப்ப நிலையத்தில் விரலடையாளம் கொடுத்து, 2024 ஜூனிலிருந்து 90 யூரோவாக உயர்ந்த ஷெங்கன் கட்டணத்தைக் கட்டி, அழைப்புக் கடிதம், வங்கிக் கணக்கு விபரம், தொழில் செய்வதற்குச் சான்று, 30,000 யூரோவுக்குக் குறையாத காப்புறுதி, தங்குமிடப் பதிவு, போய்வரும் டிக்கெட் பதிவு, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பு என்று ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். அவனோ பருவகாலத்தில் மட்டும் உழைப்பவன்; கையிற் காசாக வாங்கி வீட்டுக்குக் கொடுப்பவன்; வங்கிப் புத்தகத்தில் காட்ட அதிகமில்லாதவன். எல்லாவற்றையும் கொடுத்த பின்னும், இவன் தன் நாட்டுக்குத் திரும்புவான் என்பதற்கு அத்தாட்சி போதாது என்று ஒரு வரி எழுதி மறுத்துவிடலாம்; கட்டிய 90 யூரோ திரும்புவதில்லை.